லேத்தை சி.என்.சி. ஆக்கலாமா? ஒரு மாசக் கணக்கு

போன எபிசோட் கடைசியில ஒரு வாய்ச்சவடால் விட்டிருந்தேன். என்னோட சின்ன லேத்தை சி.என்.சி. ஆக்கப் போறேன், பார்ட்ஸ் எல்லாம் கார்ட்ல ரெடியா இருக்குன்னு. அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ஆர்டர் போட்டாச்சா ப்ரோ?" போடல. ஏன் போடலங்கறதுதான் இன்னிக்குக் கதை.

புதுசா கேக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். லேத்னா கடைசல் மெஷின். இரும்புத் துண்டைச் சக்ல பிடிச்சு சுத்த விட்டு, டூலை அது மேல மெதுவா நகர்த்திச் சீவணும். என்கிட்ட இருக்கறது மினி லேத், 7 இஞ்ச்சுக்கு 14 இஞ்ச், ஒரு மேஜையில அடங்கிடும். கோயம்புத்தூர்ல எங்க வீட்டு கார் ஷெட்ல கார் கிடையாது, இதுதான் நிக்குது. இதை எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தது என் மாமா. கணபதியில ஒரு பட்டறையில 34 வருஷம் டர்னரா இருந்தவர். இப்போ ரிட்டயர் ஆயிட்டார், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. சாயங்காலம் ஆனா ஷெட்டுக்கு வந்துடுவார். நான் இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துல லேத்தைத் தொட்டது மொத்தம் மூணு மதியம். அதுலயும் ஒரு மதியம் ரெக்கார்ட் நோட் எழுதினது.

சரி, மாத்தறதுன்னா என்ன? கைப்பிடி இருக்கற ரெண்டு இடத்துலயும் ஸ்டெப்பர் மோட்டார். ஒண்ணு நீளவாக்குல ஓடற லீட் ஸ்க்ரூவுக்கு, இன்னொண்ணு குறுக்குவாக்குல போற கிராஸ் ஸ்லைடுக்கு. சக் எவ்வளவு சுத்திருக்குன்னு சொல்ல ஒரு என்கோடர். இதையெல்லாம் ஓட்ட லினக்ஸ் சி.என்.சி. மாதிரி ஒரு மென்பொருள். அது இலவசம், ஓப்பன் சோர்ஸ். அமெரிக்க அரசோட நிஸ்ட் நிறுவனத்துல 1990-கள்ல ஆரம்பிச்ச வேலைதான் பின்னாடி இப்படி வளர்ந்தது.

சாஃப்ட்வேர்காரனை மயக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். டிரைவர்ல ஒவ்வொண்ணையும் எட்டாப் பிரிச்சா 1600. என் கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 1 மில்லி நகரும். அப்போ ஒரு ஸ்டெப்புக்கு 0.000625 மில்லி! ஒரு மைக்ரானைவிடக் கம்மி. இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் டயல் கேஜ் வெச்சுப் பாத்தேன். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல 0.15 மில்லி ப்ளே. அதாவது கைப்பிடியைத் திருப்பிச் சுத்தினா, முதல் 0.15 மில்லிக்கு டூல் அசையவே அசையாது. லேத்ல இது இன்னும் மோசம், ஏன்னா டூல் ஒரு பக்கம்தான் நிக்குது, துண்டு முழுசும் சுத்துது. டூல் 0.15 தப்பினா விட்டத்துல 0.3 தப்பும். 608 பேரிங்குக்கு வெளி விட்டம் 22 மில்லி. அதுக்குக் குழி வெட்டும்போது 0.3 கூடிப் போனா பேரிங் தானா வெளிய விழுந்துடும்.

கையால ஓட்டறவங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எப்பவும் ஒரே திசையிலிருந்து வந்துதான் அளவைப் பிடிப்பாங்க. மாமா கை அதைத் தானா பண்ணும், கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு வளைவை வெட்டணும்னா உள்ளயும் வெளியயும் போய் வரணும். மென்பொருள்ல ஈடு கட்டலாம், ஆனா வெட்டும்போது துண்டு டூலை இழுத்தா அந்த ப்ளே அளவுக்கு டூலும் போயிடும். அதனால ஒழுங்கா பண்றவங்க பால் ஸ்க்ரூ போடுவாங்க. அது வழவழன்னு உருளும், ப்ளே ரொம்பக் கம்மி. அதே வழவழப்புதான் சிக்கலும். சாதாரண ஸ்க்ரூ உராய்வுல தானா பிடிச்சு நிக்கும். பால் ஸ்க்ரூ நிக்காது, மோட்டார் பிடிச்சுக்கணும். திரும்பக் கைப்பிடி மாட்டி ஓட்டலாம்னு பாத்தா, வெட்டற விசை டூலைப் பின்னாடி தள்ளிடும். ஆக இது கிட்டத்தட்ட ஒருவழிப் பாதை.

கார்ட் மொத்தம் 52 ஆயிரம். லேத் வாங்கின விலையில பாதிக்கு மேல.

ஆபீஸ்ல யாராவது "இந்த கோடு ஸ்லோவா இருக்கு, மாத்தி எழுதிடலாம்"னு வந்தா நான் கேக்கற முதல் கேள்வி, "ப்ரொஃபைல் பண்ணியா?" எந்த வரியில நேரம் போகுதுன்னு தெரியாம மாத்தாதே. அந்தக் கேள்வியை லேத் பக்கம் நின்னு கேட்டேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, ஒரு மாசம், நானும் மாமாவும் என்ன பண்ணினாலும் நேரம் போட்டு எழுதினோம். மாமா முதல்ல சிரிச்சார். அப்புறம் அவரே "6.40, டூல் தீட்டியது"ன்னு அழகா எழுத ஆரம்பிச்சுட்டார்.

மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா 23 மணி நேரம். அதுல நிஜமா சுருள் விழுந்த நேரம் 4 மணிதான். வெர்னியரை எடுத்து அளந்து, டயலைப் பாத்து, மறுபடி அளந்தது 5 மணி. மரை வெட்ட கியர் மாத்தினது மூணரை மணி. இது என்னன்னா, என் லீட் ஸ்க்ரூவோட பிட்ச் 1.5 மில்லி. எம்10 போல்ட்டுக்கும் 1.5, சுலபம். எம்6-க்கு 1 மில்லி. அதுக்கு 40 பல்லு கியரும் 60 பல்லு கியரும் தேடி எடுத்து, கவரைக் கழட்டி, கை முழுக்க கிரீஸோட மாத்தணும். மரை முடிஞ்சதும் சாதாரண ஃபீடுக்குத் திரும்ப மாத்தணும். எதையாவது தேடினது 2 மணி. (அதுக்கு சி.என்.சி. வேண்டாம், ஆணி அடிச்ச ஒரு பலகை போதும்.) மிச்சமெல்லாம் துண்டைப் பிடிக்கறது, டூல் உயரம் வெக்கறது, கூட்டிப் பெருக்கறது.

கம்ப்யூட்டர் போட்டா அந்த 4 மணி நேரம் 2 ஆகலாம். ஆனா ப்ரோக்ராம் எழுதணும், ஒவ்வொரு டூலுக்கும் ஆஃப்செட் வெக்கணும். நாங்க பண்ணினதுல பாதிக்கு மேல ஒரே ஒரு பீஸ். சைக்கிளுக்கு ஒரு ஸ்பேசர், அம்மா கிரைண்டருக்கு ஒரு புஷ், அந்த மாதிரி. நடுவுல மாமாவோட பழைய பட்டறை நண்பர் ஒருத்தர் மாசம் 200 புஷ் தர்றேன்னு சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டுச்சு. மாமாதான் சொன்னார்: "அவங்க மெஷின்ல கம்பி தானா உள்ள வரும், டூல் தானா மாறும். இதுல ஒவ்வொரு துண்டுக்கும் நீதான் சக்கைத் திறந்து மூடோணும். 200 தடவ. மெஷினுக்கு நீ வேலைக்காரன் ஆயிருவ மாப்ள."

அதோட எனக்கு முடிவு ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்: "மாமா, கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாமுங்க, கையாலயே ஓட்டலாம்னு இருக்கேன்." அவர் சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். அவர் தட்டையே பாத்துட்டு இருந்தார்.

"நீ மாத்துவீன்னுதான் நான் இருந்தேன்" அப்படின்னார்.

எனக்குப் புரியல. அப்புறம் அவரே சொன்னார். டயல்ல இருக்கற 0.02 கோடு அவருக்குத் தெரியறது இல்லை. ஒரு கண்ணுல கண்புரை ஆபரேஷன் ஆச்சு, இன்னொண்ணு பாக்கி. ஆறு மாசமா டார்ச் அடிச்சுப் பாத்து, மிச்சத்தை விரல் கணக்குல ஓட்டிட்டு இருந்திருக்கார். அம்மா கிரைண்டர் புஷ் முதல் தடவை குழி பெருசாப் போச்சு, "மெட்டீரியல் சரியில்ல"ன்னு சொல்லி ரெண்டாவது போட்டார். நான் அதை அப்படியே நம்பி நோட்ல எழுதி வெச்சிருந்தேன்: 'மெட்டீரியல் கோளாறு, 50 நிமிஷம்.' கம்ப்யூட்டர் வந்தா நம்பரைத் தட்டிட்டு நின்னுக்கலாம், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருக்கார்.

ஒரு மாசம் பக்கத்துல நின்னு நிமிஷம் நிமிஷமா எழுதியிருக்கேன். அளக்கறதுக்கு 5 மணி நேரம்னு வந்துச்சே, அதுல மூணு மணிக்கு மேல மாமாவோடது. அது ஏன்னு ஒரு தடவைகூட நான் கேக்கல.

அதனால முடிவு மறுபடி மாறுச்சு. பால் ஸ்க்ரூ கிடையாது, கைப்பிடி அப்படியே இருக்கும். முதல்ல டி.ஆர்.ஓ. அதாவது ரெண்டு ஸ்லைடுலயும் ஒரு அளவுப்பட்டை ஒட்டி, டூல் எங்க நிக்குதுன்னு பெரிய நம்பர்ல காட்டற டிஸ்ப்ளே. அது ஸ்க்ரூவை நம்பறது இல்லை, ஸ்லைடு நகர்றதையே நேரா அளக்கும். அதனால அளவு பாக்கறதுல ப்ளே குறுக்க வராது. ரெண்டாவது எலக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூ. சக் பக்கம் என்கோடர், லீட் ஸ்க்ரூவுல மட்டும் ஒரு ஸ்டெப்பர். பிட்ச் 1-னு பட்டன்ல அமுக்கினா கியர் மாத்தாமலே மரை வெட்டலாம். ஜேம்ஸ் க்ளவ்னு ஒருத்தர் 'க்ளவ்42' யூடியூப் சேனல்ல இதை முழுசா செஞ்சு காட்டி, கோடையும் ஓப்பனா கொடுத்திருக்கார். ஒண்ணு கவனிங்க, மரை முடியற இடத்துல அது தானா நின்னுக்கும்னு நம்பிடாதீங்க, உங்க கை லீவர்லயே இருக்கணும். ரெண்டும் சேத்து எனக்கு 24 ஆயிரம் கணக்கு வருது. பின்னாடி கிராஸ் ஸ்லைடுக்கும் மோட்டார் போட்டுக்கலாமான்னு மாமா இப்பவே கேக்கறார். பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

டி.ஆர்.ஓ. மட்டும் நேத்து ஆர்டர் போட்டேன். போடறதுக்கு முன்னாடி மாமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், எழுத்து எவ்வளவு உயரம்னு. பேஜ்ல போடல. கடைக்காரருக்கு ஃபோன் பண்ணினேன், அவர் ஸ்கேல் வெச்சுப் பாத்து 14 மில்லின்னு சொன்னார். மாமா ஒரு பேப்பர்ல 14 மில்லி உயரத்துக்கு ஒரு எட்டும் ஒரு மூணும் எழுதி, சக் மேல சாய்ச்சு வெச்சு, எப்பவும் நிக்கற இடத்துல போய் நின்னார். கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை, போட்டுக்கிட்டு ஒரு தடவை.

"தெரியுது. போடு" அப்படின்னார்.