குழந்தைகளும் காணாக்கடியும்



மாலையில் ஓடி விளையாடிய குழந்தை, இரவில் உடலெங்கும் சிவந்து தடித்து, அரிப்புத் தாங்காமல் அழுகிறது. தமிழ்நாட்டில் இதனைக் 'காணாக்கடி' என்பர். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது அப்பெயரின் கருத்து. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மீது தனிப் பற்று உண்டு. எனினும், சொல் அழகியதாயிருப்பதனால் அது கூறும் காரணம் மெய்யாகிவிடாதன்றோ?

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியே மேற்கே சென்றால் அட்டப்பாடி மலைநாட்டின் அகளியை அடையலாம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதியில் மலையாளமும் தமிழும் இருளர் மொழியும் ஒருங்கே வழங்குகின்றன. அங்கு வாழும் தமிழ்த் தாய் 'காணாக்கடி' என்றால் மலையாள மருத்துவருக்கு விளங்காமற் போகலாம். 'சொறிஞ்ஞு தடிச்சு' என்றால் உடனே விளங்கும்.

தோலிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிட, நுண்ணிய இரத்தக் குழாய்களினின்று நீர் கசிந்து தோல் தடிக்கிறது. குழந்தைகளிடம் இது திடீரெனத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் சளி, காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் கிருமிகளே. முட்டை, நிலக்கடலை, குளவிக் கொட்டு முதலியனவும் காரணமாகலாம். அவ்வாறாயின் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே தடிப்பு எழும். காய்ச்சலுக்குப் பென்சிலின் வகை மருந்து உண்ணும் குழந்தைக்குத் தடிப்பு வந்தாலோ, பழி முழுதும் மருந்தின்மேல் விழுந்து, வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் மருத்துவர் முறையாகச் சோதிக்கையில், அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அம்மருந்து ஒத்துக்கொள்வதே தெரியவருகிறது. இச்சோதனையை வீட்டில் செய்யலாகாது.

தோல் மட்டும் தடித்திருந்தால் அஞ்சற்க. மருத்துவர் தரும் செடிரிசின் போன்ற மருந்தால் அரிப்புத் தணியும். தடிப்பும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று உடன் சேர்ந்தாலும் உயிருக்கே ஆபத்து. அப்போது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. செடிரிசின் அதற்கு ஈடாகாது. மந்திரிப்பதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தைக்கு நட்டமே.

"கோவைக்கே போய்விடுவோம், அங்கே நம் பாஷை பேசுவார்கள்" என்பது எல்லைப்புறத் தமிழரிடம் இயல்பாக எழும் எண்ணம். வெறும் தடிப்புக்கு அது பொருந்தும். மூச்சு முட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலைச்சாலையில் எல்லை கடத்தல் தகாது. அகளியில் சமுதாய நல மையமும், கோட்டத்தறையில் அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையும் உள்ளன. எது அருகிலோ அங்கே செல்க. 'ஸ்வாசம் முட்டுன்னு' என்னும் இரு சொற்கள் போதும். பிற மாநிலங்களில் வாழ்வோர் அவ்விடத்து மொழியில் இதனை எப்படிச் சொல்வது என்று அண்டை வீட்டாரிடம் இன்றே கேட்டு வைக்கலாம்.

தடிப்பு இடம் மாறிக்கொண்டேயிருக்கும். மருத்துவரிடம் சேருமுன் மறைந்தும் போகும். ஆதலின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தல் நன்று. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடிடுக. அது அதே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, கன்றிய கறை விட்டுச் சென்றாலோ, மூட்டு வீங்கினாலோ, நோய் வேறாக இருக்கக்கூடும். மறுபடியும் மருத்துவரிடம் காட்டுக.