அடித்தவர் வெளியே போகட்டும்

(திருவண்ணாமலையில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் திருவூடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. மாட்டுப் பொங்கல் சமயத்தில் அங்கே நடப்பதை உங்களில் பலர் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தக் கதையில் இரவு வெளியே தங்குவது ஆண். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வீடுகளில், அப்படியோர் இரவில் வெளியே போவது யார்?

ஊடல் என்ற சொல் நம் வீடுகளுக்குப் பொருந்தாது. நான் பேசுவது அடியைப் பற்றி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. சமூகநீதி மண் என்று பேசும் நாம் இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் அதைப் பேச வேண்டும்.

வீட்டுமனைப் பட்டாக்கள் பற்றிய என் ஆய்வுக்காக ஊரை ஒட்டிய ஒரு காலனிக்குப் போயிருந்தபோது ஓர் அக்காவைச் சந்தித்தேன். பட்டா அவர் பெயரில். வீடு அவர் குழுக் கடன் வாங்கிக் கட்டியது. அந்தப் பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார். "பட்டா என் பேர்ல இருக்கும்மா. ராத்திரி ஆனா தாழ்ப்பா அவர் கையில இருக்கு" என்றார்.

அடி தாங்காமல் மூன்று முறை வெளியேறியிருக்கிறார். ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போனபோது, "ரெண்டு நாள் உங்க அம்மா வீட்ல இரும்மா, கோவம் தணிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா வீடு என்பது தம்பியின் ஒற்றை அறை. அங்கே போனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. குழுத் தவணை தவறுகிறது. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, அவர் காலையில் இட்லிக் கடை போடும் இடத்தில் வேறொருவர் அடுப்பு வைத்திருந்தார். அடித்தவர் அதே வீட்டில், அதே வேலையில், அதே டீக்கடை பெஞ்சில் இருந்தார். அடி வாங்கியவர்தான் வீடு, வருமானம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்.

ஏன் வழக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "கேஸ் குடுத்தா ஸ்டேஷன்ல போட்டு அடிப்பாங்க. காலனி ஆளுன்னா கூட ரெண்டு அடி விழும். அது எனக்கு வேணாம். அவர் என்னை அடிக்காம இருந்தா போதும்" என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலை நாம் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காவல் நிலையம் தன் சமூகத்து ஆண்களை எப்படி நடத்தும் என்று தெரிந்த ஒரு பெண்ணிடம், கணவனைச் சிறைக்கு அனுப்பு அல்லது பொறுத்துப் போ என்று இரண்டே வழிகளைக் காட்டினால் அவர் பொறுத்துத்தான் போவார். மூன்றாவது வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது. 19ஆம் பிரிவின்படி, அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நீதித்துறை நடுவர் குடியிருப்பு ஆணை போடலாம். திரும்ப நுழையத் தடை விதிக்கலாம். அவர் வீட்டை விற்காமல் தடுக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி காவல் நிலையத்துக்கே உத்தரவிடலாம். அவசரம் என்றால் 23ஆம் பிரிவின் கீழ், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால ஆணை தரலாம். இதில் யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆணையை மீறும்போதுதான் குற்ற வழக்கு வருகிறது. அக்கா கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

ஒரு நுணுக்கம். ஓராண்டு வரை சிறை என்று சொல்லும் 31ஆம் பிரிவு, 18ஆம் பிரிவின் கீழ் தரப்படும் பாதுகாப்பு ஆணையை மீறுவதைப் பற்றியது. அதனால் மனு போடும்போது குடியிருப்பு ஆணையையும் பாதுகாப்பு ஆணையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்த உரிமை எளிதில் நிலைக்கவில்லை. சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது. கணவனுக்குச் சொந்தமான, அவர் வாடகைக்கு எடுத்த, அல்லது கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டில்தான் மனைவி உரிமை கோரலாம், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் கோர முடியாது என்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 15 அன்று அகுஜா வழக்கில்தான் அது தவறு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2022 மே மாதம் இன்னொரு தீர்ப்பு: பெண் அந்த வீட்டில் இப்போது வசிக்கவில்லை என்றாலும் வசிக்கும் உரிமை போய்விடாது. உயிருக்குப் பயந்து வெளியேறிய பெண்களுக்கு இது முக்கியம்.

அதே 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா ஒரு வழக்கில் கணவனை இரண்டு வாரத்தில் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். கீழ் நீதிமன்றம், அதே வீட்டில் இருந்துகொள், தொந்தரவு மட்டும் செய்யாதே என்று சொல்லியிருந்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார் நீதிபதி. அணுகுண்டுக்குப் பயப்படுகிறவருக்கு நிவாரணம், குண்டை அவர் பக்கத்திலிருந்து அகற்றுவதுதான் என்ற பொருளில் எழுதினார். வீட்டின் அமைதிக்கு அது ஒன்றே வழி என்றால், கணவனுக்குப் போக வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று நீதிமன்றம் பார்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார். இத்தனை காலம் பெண்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

இதில் சாதி எங்கே வருகிறது? அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே, சாதியை நிலைநிறுத்துவது அகமணம், அகமணத்தை நிலைநிறுத்துவது பெண்ணைக் கட்டுப்படுத்துவது என்று விளக்கியிருக்கிறார். அந்தக் கட்டுப்பாடு நடக்கும் இடம் வீடு. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு கணவனின் ஊர்த்தெருவில் வாழும் ஒரு தலித் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காதல் தீர்ந்த பிறகு அடியோடு சேர்ந்து சாதிப் பெயரும் விழுகிறது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் பார்க்காத இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இழிவுபடுத்துவதையும் பட்டப்பெயர் சொல்லி அவமதிப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. நான்கு சுவர்களுக்குள் நடக்கும் சாதி வசைக்கு நான்கு சுவர்களுக்குள் நுழையும் சட்டத்தைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு குறையும் உண்டு. வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணையைப் பெண்கள் மீது போட முடியாது. வசை பாடும் மாமியார் அங்கேயேதான் இருப்பார்.

இந்தப் பெண்ணிடம் "சொந்த வீட்டிலேயே இரு" என்று சொல்வது, "அந்தத் தெருவிலேயே இரு" என்று சொல்வதும்தான். தெரு அவருக்குச் சொந்தமில்லை. 2023 ஜனவரி 30 அன்று நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததை நாம் கொண்டாடினோம். மாவட்ட நிர்வாகம் வந்தது, காவல்துறை பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் நுழைவது ஒரு நாள் வேலை. மறுநாளிலிருந்து அதே ஊரில் வாழ வேண்டும். குடியிருப்பு ஆணையும் அப்படித்தான். தாள் ஒரு நாளில் கிடைக்கும். அதற்குப் பிந்தைய இரவுகளுக்கு யார் துணை?

ஆஸ்திரியாவில் 1997 முதல், அடித்தவரை அந்த இடத்திலேயே வீட்டிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கிறது. இப்போது அந்தத் தடை இரண்டு வாரம். அதற்குள் அந்தப் பெண் நீதிமன்றத்தை அணுகலாம். நம் நாட்டில் அப்படியில்லை. மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அது நீள்கிறது. அடி விழுந்த இரவுக்கும் ஆணை வரும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பெண்கள் வீட்டை இழக்கிறார்கள். நாம் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

என்ன செய்யலாம்? முதலில், இருப்பதா போவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். கழுத்தை நெரித்திருந்தால், கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால், ஆபத்து மிக அதிகம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆணை வந்து ஆண் வெளியேறும் நாட்களும் ஆபத்தானவை. தற்காலிகமாக வெளியேறினாலும் வீட்டின் மீதான உரிமை போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இருக்க முடிவெடுத்தால், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் கூடப் போங்கள். அவர் குடும்ப வன்முறை அறிக்கை எழுதி நடுவருக்கு அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. 181 எண்ணை அவர் மனப்பாடம் செய்திருக்கட்டும். காவல் நிலையத்தில் பேசி அனுப்பினாலும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ஆணையின் நகல் பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும். பூட்டை மாற்றப் பணம் திரட்டுங்கள். காலனி வீட்டுக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது. உள்தாழ்ப்பாள், கொல்லைப்புறத்துக்கு ஒரு விளக்கு, ராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து வரும் நான்கு பேர்: இவ்வளவுதான் செலவு.

கடைசியாக நம்மைப் பற்றி. நம் மேடைகளில் பெண் விடுதலை பேசும் தோழர்களில் வீட்டில் கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெளியே தெரிந்தால், "இயக்கத்துக்குக் கெட்ட பேரு, பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறோம். எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்கிறோம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் ஒரு பெண் தன் உடம்பால் கொடுக்கிறார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மரபு நம்முடையது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதைக் கண்டித்து 1951இல் அமைச்சர் பதவியை விட்ட அம்பேத்கரின் மரபு நம்முடையது. ஓர் இரவு வீட்டை விட்டு வெளியே இரு என்று நம் தோழரிடம் சொல்ல முடியாவிட்டால் அந்த மரபைப் பேச நமக்கு என்ன தகுதி?

அந்த அக்கா மனு போட்டார். இடைக்கால ஆணை கிடைத்தது. கணவர் இப்போது அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார். இரண்டாவது வாரம் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். எதிர்வீட்டுப் பாட்டியும் இன்னும் மூன்று பெண்களும் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அரை மணி நேரத்தில் அவர் போய்விட்டார். மறுபடி வரமாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தால் உட்கார ஆட்கள் வேண்டும்.

உங்கள் தெருவில் அப்படி உட்காரத் தயாராக இருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரையும் எண்ணையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.