சட்டமூலம் சட்டமாவதற்கு முன்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். அரசியல் பேச வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றுவது கடினம். என்றாலும் எந்தக் கட்சியையும் தொடாமல் பேசப் பார்க்கிறேன்.

தேர்தல் எங்களுக்கு ஓரளவு தெரியும். மொத்தம் 225 உறுப்பினர்கள். அவர்களில் 196 பேரை 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவு செய்கிறோம்; 29 பேர் தேசியப் பட்டியலால் வருகிறார்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு மூன்று வரை. முடிவுகளைக் கேட்க விடிய விடிய விழித்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பேச வந்தது அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான்.

செய்திகளில் 113 என்ற இலக்கத்தை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மொத்தத்தில் அரைவாசிக்கு மேல். ஒரு சட்டம் நிறைவேறவும் 113 பேர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. சபையில் இருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். கூட்ட நடப்பெண், அதாவது சபையில் இருக்க வேண்டிய ஆகக் குறைந்த தொகை, 20தான். அதிலும் ஆட்கள் குறைவு என்று யாராவது சுட்டிக்காட்டினால்தான் சபை நிற்கும். எங்கள் சங்கத்துச் செயலாளர் இதைவிடக் கண்டிப்பானவர்!

2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு ஆதரவாக 108 பேரும் எதிராக 62 பேரும் வாக்களித்தார்கள். சட்டம் நிறைவேறிற்று. மிகுதி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் கணக்கு வேறு. வராதவர்களையும் சேர்த்த மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வேண்டும். அங்கே வராமல் இருப்பது எதிர்த்து வாக்களித்ததற்குச் சமன். சாதாரண சட்டத்தில் வராமல் இருப்பவர் வெல்கிற பக்கத்துக்கே உதவி செய்கிறார். ஆகவே எங்கள் பிரதிநிதி எப்படிப் பேசினார் என்று கேட்பதோடு, வாக்கெடுப்பு நேரத்தில் எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள். யாரும் வாக்கெடுப்பைக் கோராமல் குரலால் மட்டும் நிறைவேறினால், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஹன்சாட்டிலும் இராது.

இனி, மிகவும் முக்கியம் என்று நான் கருதும் விடயம். சபாநாயகர் சான்றுரை எழுதிய பின் ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று இலங்கையில் எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் தோழிகளுக்கு இது விநோதமாகப் படும். அங்கே பல வருடம் நடைமுறையில் இருந்த சட்டத்தைக்கூட நீதிமன்றம் செல்லாதென்று தள்ளலாம்.

எங்களிடமும் அந்தக் கதவு ஒரு காலத்தில் திறந்திருந்தது. கோடீஸ்வரன் வழக்கை மூத்த அக்காமார் மறந்திருக்க மாட்டார்கள். 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், அரசாங்க எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்காடினார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்பதால் அந்தச் சட்டமே செல்லாது என்று 1964இல் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி முடித்தது. அது தவறு, வழக்காடலாம் என்று 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கூறி, மிகுதியை விசாரிக்கும்படி இங்கே திருப்பி அனுப்பியது. சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு விடை வரவேயில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. நிறைவேறிய சட்டத்தை ஆராயும் அதிகாரம் நீதிமன்றத்தின் கையை விட்டுப் போயிற்று. 1978இலும் அது திரும்பவில்லை.

கதவு போய் ஒரு சிறு யன்னல் மிஞ்சியிருக்கிறது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். பிறகு பாராளுமன்ற ஒழுங்குப்பத்திரத்தில் இடம்பெறும். அதிலிருந்து குறிப்பிட்ட சில நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தை சனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவிக்க வேண்டும். இவ்வளவுதான் அவகாசம். தொலைக்காட்சியில் விவாதம் சூடாகும்போது அந்த யன்னல் பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கும்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராக அப்படிப் பல மனுக்கள் போயின. பல வாசகங்களைத் திருத்தினாலன்றி மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. குழுநிலையில் திருத்தங்கள் செய்யப்பட்டன. சொன்னவை எல்லாம் சேர்க்கப்பட்டனவா என்பதே பிறகு சர்ச்சையாகி, சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை போனது. பிரேரணை தோற்றது. சட்டம் சட்டமாகவே நின்றது.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து வாக்களிக்க உங்களுக்கு வசதி இல்லை. ஆனால் மனுச் செய்யும் உரிமை பிரசைக்கு உரியது. இலங்கைப் பிரசாவுரிமையை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

எல்லாச் சட்டமூலத்தையும் வாசியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அனேகமானவை நித்திரை வரவழைப்பவை. ஆசிரியையாக இருந்தவர் கல்வி பற்றியதைப் பாருங்கள். தாதியாக இருந்தவர் சுகாதாரம் பற்றியதைப் பாருங்கள். காணி வழக்கில் அலைந்தவர்கள் காணி பற்றியதை விட மாட்டீர்கள் என்று தெரியும். வர்த்தமானியின் இரண்டாம் பகுதிக்குரிய குறைநிரப்பியாக இவை தமிழிலும் வெளிவருகின்றன. அரசாங்க அச்சகத்தின் இணையத்தளத்திலும் பாராளுமன்றத்தின் தளத்திலும் கிடைக்கும். அந்தத் தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான். இரண்டு பேர் சேர்ந்திருந்து வாசித்தால் பிடிபடும்.

செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கேள்விகளைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள்.