ஊர் நகர்ந்ததா, கணக்கு நகர்ந்ததா?

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கிராமங்களில் ஜனங்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். சினிமாவும் பட்டணத்து விளக்கும் இளைஞர்களை இழுக்கின்றனவாம். இதை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1991ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தவர்கள் 3 கோடியே 68 லட்சம் பேர். 2001ல் 3 கோடியே 49 லட்சம். இந்த 19 லட்சம் பேரும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்களா? ஏறியவர்கள் உண்டு. ஆனால் அதே பத்தாண்டில் நகரம் என்று எழுதப்பட்ட ஊர்கள் 469லிருந்து 832 ஆகிவிட்டன. வாசற்படியை விட்டு ஓரடி நகராமலே பலர் நகரவாசி ஆனார்கள்!

உண்மையாகவே புறப்பட்டு வந்தவர்களை முதலில் சொல்வோம். நம்மில் பலருடைய பாட்டன்மார் செங்கல்பட்டு, வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து மில்லுக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்கள். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது என்பதை அதில் எடுத்துக்காட்டினார். கூலி கூட்டிக் கேட்டால், "குடிசையைக் காலி செய்" என்பான் மிராசுதார். எழுதியவர் நமது கட்சிக்காரர் அல்ல, வெள்ளைக்கார அதிகாரி! ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற அந்த அமைப்பே ஆளைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது. அதை அறுத்துக்கொண்டு வந்தவனைத்தான் விளக்கைக் கண்ட விட்டில் என்கிறார்கள்.

இனி, நகராமலே நகரவாசி ஆனவர்கள். தூரம் போக வேண்டாம். மணலிப் பக்கத்தில் சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் ஆகியவை 2011 வரை கிராம ஊராட்சிகள். அந்த அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளோடு இவையும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. மொத்தம் 42 உள்ளாட்சிகள், அவற்றில் கிராம ஊராட்சி 25. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று.

குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் வேண்டாம் என்று எந்த உழைப்பாளி சொல்வான்? ஆனால் எடுத்துக்கொண்டதையும் கணக்கில் எழுத வேண்டும். ஆண்டுக்கு 100 நாள் வேலை என்ற 2005ம் வருஷச் சட்டம் கிராமத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2008ல்தான் அது எல்லா ஜில்லாக்களுக்கும் வந்தது. மூன்றே வருஷத்தில் இந்த ஊர்களுக்கு அந்த உரிமை போயிற்று. கிராம சபையும் போயிற்று. அதற்குப் பதில் கவுன்சிலர் என்றார்கள். 2016 முதல் 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரும் இல்லை!

சென்சஸ் இலாகாவுக்குத் தனியாக ஒரு விதி உண்டு. ஜனத்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் 75 சதவிகிதம் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அது நகரம். ஆண்களில் என்பதைக் கவனியுங்கள். புருஷன்மார் கம்பெனிக் காண்டிராக்டில் கூலிக்குப் போய்விட்டால், பெண்கள் அத்தனை பேரும் நாற்று நட்டாலும் அது கிராமம் அல்ல.

2025 ஜனவரியில் மேலும் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்க அரசு முனைந்தபோது, 100 நாள் வேலை போய்விடும் என்று பெண்கள்தான் கலெக்டர் ஆபீசுகளுக்கு மனுவோடு போனார்கள். விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் அவர்களே.

ஊரைச் சேர்ப்பதானால் வேலை உரிமையையும் சேர்த்துக்கொண்டு வா, குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடு என்கிறோம். நகரத்துக்கும் வேலைத் திட்டம் உண்டு என்று அதிகாரிகள் பதில் சொல்லலாம். திட்டம் வேறு, சட்டம் வேறு. திட்டத்தை நாளை நிறுத்தினால் கேட்க வழியில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் இந்த மூன்று ஊர்களிலும் வீடு வீடாகப் போகிறோம். பழைய வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள், பட்டா இல்லாத வீடுகள் எல்லாவற்றையும் எழுதி மணலி மண்டல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முதல் ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தோழர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு நேரே சடையங்குப்பம் வந்துவிடுங்கள்.