சுவருக்கு இந்தப் பக்கம்

வடசென்னையின் காசிமேட்டிலும் ராயபுரத்திலும், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலும், ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால்கூட நமக்குக் கேட்கும். இங்கே ஒரு பெண் அடி வாங்குவது ஊருக்குத் தெரியாமல் நடப்பதே இல்லை. இரவில் அலறலைக் கேட்ட தெருதான் காலையில் தண்ணீர் லாரியண்டை அவளுடைய வீங்கிய முகத்தையும் பார்க்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் அடி உதையையோ பாலியல் கொடுமையையோ அனுபவித்திருக்கிறார்கள். இந்தியச் சராசரி 29.3தான். நாடு முழுவதும் இப்படிப்பட்ட வன்முறைக்கு ஆளான பெண்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். யாரிடமும் வாயே திறக்காதவர்கள் 77 சதவீதம். அவள் சொல்லவில்லை, சரி. கேட்ட நாம் ஏன் சொல்லவில்லை? உதவி தொடங்க வேண்டிய முதல் இடம் பக்கத்து வீடுதான் என்பது என் வாதம்.

எதை வன்முறை என்கிறோம் என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. ரத்தம் வந்தால்தான் வன்முறை, மற்றதெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒதுக்கிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையோடு பாலியல் கொடுமையையும், வார்த்தையாலும் மனத்தாலும் வதைப்பதையும், பணத்தால் முடக்குவதையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. விடியற்காலையில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து மீன் விற்ற காசைச் சாயங்காலம் பிடுங்கிக்கொள்வது வன்முறை. மாதாமாதம் அரசின் மகளிர் உரிமைத்தொகை விழும் ஏ.டி.எம். கார்டைக் கணவன் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும், ஆதாரை ஒளித்துவைப்பதும், அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதும், போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் அதே கணக்கில்தான் சேரும். மகனிடம் அடி வாங்கும் வயதான தாய்க்கும், அண்ணனுக்குப் பயந்து வாழும் தங்கைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாசலுக்கே வராமல் போனாலும், அப்பா செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் உறைந்து நின்றாலும், காயம் தெரிவதற்கு முன்பே நாம் புரிந்துகொள்ளலாம்.

“எல்லாம் குடி செய்கிற வேலை, குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன்” என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாத கஷ்டமும், காண்டிராக்ட் வேலை எப்போது போகுமோ என்ற பயமும், டாஸ்மாக்கும் சேர்ந்தால் வீடு கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அதே ஆள் எவ்வளவு குடித்தாலும் மேஸ்திரியை அடிப்பதில்லை. போலீஸைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போகிறான். திருப்பி அடிக்க முடியாதவள் மேல்தான் அவன் கை நீள்கிறது. குடிக்குச் சிகிச்சை வேண்டும்தான். அது பலிக்கும்வரை அவள் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

“புகார் கொடுத்தால் அவனை உள்ளே தள்ளிவிடுவார்கள், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்” என்ற பயம் இன்னொன்று. 2005 சட்டத்தின் நோக்கம் அவனைச் சிறைக்கு அனுப்புவதல்ல. அவளை நெருங்கவோ அடிக்கவோ கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. பொய்ப் புகார் வராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: கணவனின் கொடுமைக்கான குற்ற வழக்கில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

“குடும்ப விஷயத்தில் நாம் தலையிடலாமா?” என்ற கேள்விக்கு 2005 சட்டத்தின் நான்காவது பிரிவு நேராகவே பதில் சொல்கிறது. வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள யாரும் இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. தலையிட்டால் அவளுக்கு அடி கூடுமே என்ற கவலை மட்டும் நியாயமானது. அதனால் அவன் இல்லாத நேரத்தில் அவளிடம் தனியாகக் கேளுங்கள். என்ன செய்வது, எப்போது செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். “அனுசரிச்சுப் போம்மா” என்று ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து நீங்களும் சொல்லாதீர்கள். ஸ்டான்லிக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ துணைக்குப் போனால், காயம் எப்படி வந்தது என்று உண்மையைச் சொல்லிப் பதியச் செய்து, ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) பற்றிக் கேளுங்கள். வழுக்கி விழுந்தேன், ஸ்டவ் வெடித்தது என்று பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரமென்றால் 112ஐ அழையுங்கள். நாலு பேராகச் சேர்ந்து போய்க் கதவைத் தட்டுங்கள். ஆலோசனைக்கும் அடைக்கலத்துக்கும் பெண்கள் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது.