அச்சு விடும் மூச்சு



மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே திரண்டிருக்கும் பகுதிக்குக் குடம் என்று பெயர். அதனுள் இரும்பு அச்சு நுழைந்திருக்கும். அவ்வண்டி ஆற்றில் இறங்கி ஏறினாலும் பெருந்தீங்கில்லை. மசகு கரைந்தால் மீண்டும் தடவிக்கொள்ளலாம். மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதன் பின்னச்சு ஒரு மூடிய இரும்புக் கூடு. உள்ளே பல்சக்கரங்களும் பேரிங்குகளும் எண்ணெயில் நனைந்தவாறு சுழல்கின்றன. சக்கரக் குடத்தின் வழியே எண்ணெய் ஒழுகாதபடி, ரப்பர் இதழ் கொண்ட ஆயில் சீல் காவல் காக்கின்றது.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, உணவுப் பொட்டலங்களுடன் ஒரு ஜீப்பில் நானும் சென்றேன். நெடுந்தூரம் விரைந்தோடிய வண்டி, நீர் மூடிய தரைப்பாலம் ஒன்றை நின்று நின்று கடந்தது. ஒரு மாதத்திற்குப்பின் அதன் பின்னச்சு ஓலமிடத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் அதனைத் திறந்து பார்த்தார். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது; பேரிங்கு துருவேறிக் கிடந்தது. “அச்சுக்கு மூச்சு அடைத்துவிட்டது, ஐயா” என்று கூறி, சேறு அப்பிய சிறு குமிழ் ஒன்றைக் காட்டினார். பட்டறையில் அதனைப் பிரீதர் என்பர்.

அச்சுக்கும் மூச்சுண்டோ? உண்டு. ஓடும்போது அச்சு சூடேறும். உள்ளிருக்கும் காற்று 27 பாகை செல்சியஸிலிருந்து 87 பாகைக்கு உயர்வதாகக் கொள்வோம். கெல்வின் அளவில் இது 300-லிருந்து 360. வெளியேற வழியில்லையெனில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது சீலைத் தள்ளி எண்ணெயை வெளியேற்றும். அவ்வெண்ணெய் பிரேக்கில் பட்டால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது, உயிருக்கே ஆபத்து.

மிகுந்த காற்று அவ்வாறு வெளியேறியபின், வண்டி குளிர்ந்த நீரில் இறங்குகின்றது. உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகின்றது. மீண்டும் 27 பாகையை எட்டினால், அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இது ஏறத்தாழ 1.7 மீட்டர் நீரைத் தூக்கவல்ல உறிஞ்சல். சீலின் இதழோ எண்ணெயை உள்ளே நிறுத்த அமைந்தது. வெளிநீரைத் தடுக்கும் வலிமை அதற்குக் குறைவு. ஆகவே நீர் உட்புகுகின்றது.

இதற்காகவே அச்சுக் கூட்டின் மேற்புறத்தில் பிரீதர் வைக்கின்றனர். ஆனால் ஆழநீரில் அதுவும் மூழ்குமன்றோ? ஆதலின் கரடுமுரடான தடங்களில் ஓடும் வண்டிகளில், அதிலிருந்து ஒரு குழாயை நீர்மட்டத்திற்கு மேலே, எஞ்சின் அறைவரை கொண்டு செல்வர். அச்சு ஏறி இறங்கக் குழாயில் சிறிது தளர்வு வேண்டும். ஆனால் நீர் தேங்கும் தொய்வு கூடாது. அதன் வாய் கீழ்நோக்கியிருத்தல் நன்று.

குடத்தின் உட்புறம் அச்சுக் கூட்டோடு திறந்திருந்தால் ஒரே குழாய் இரண்டிற்கும் போதும். சீல் இடையே பிரிப்பின், குடத்திற்குத் தனிவழி வேண்டும். திருவள்ளூரில் கேட்டர்பில்லர் தொழிற்சாலை செய்யும் சுரங்க லாரிகளில் பின்சக்கரங்களுக்குள்ளேயே பல்சக்கரங்கள் உண்டு. அத்துணைப் பெரிய வண்டிக்கும் இச்சிறு மூச்சுவழி இன்றியமையாதது.

இன்று மாலை ஒரு கண்ணாடிப் புட்டியை வெந்நீரால் அலசிக் கொட்டிவிட்டு, உடனே தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். சிறிது நேரத்தில் நீர் தானே மேலேறும். எங்கள் ஜீப்பின் அச்சுக்குள் நடந்ததும் அதுவே.