யார்ல்: ஒரு பட்டப்பெயரின் பொருளும் பிறப்பும்



ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் இரு சொற்கள் உறவுடையன ஆகிவிடுமா? வேரை அறிந்துவிட்டால் பொருளை அறிந்தவர் ஆவோமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, இடைக்கால ஸ்காண்டிநேவியாவில் வழங்கிய 'யார்ல்' என்னும் பட்டப்பெயரை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

யார்ல் என்பவர் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த பெருந்தலைவர். ஆர்க்னித் தீவுகளை யார்ல்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டனர். ஐஸ்லாந்தில் இப்பட்டத்தைப் பெற்றவர் கிசுர் தோர்வால்ட்ஸன் ஒருவரே. 1258இல் நார்வே அரசர் அதனை அவருக்கு வழங்கினார்.

ஆயினும், இச்சொல் தொடக்கத்தில் பதவியைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலப் பாடல்களில் 'எயோர்ல்' என்பது வீரனையும் உயர்குடியோனையும் குறித்தது. 'ரீக்ஸ்தூலா' என்னும் பழைய நார்ஸ் பாடல் அடிமை, உழவன், உயர்குடியோன் ஆகிய மூவகையினரின் முன்னோரைத் த்ரால், கார்ல், யார்ல் எனப் பெயரிடுகிறது. குலநிலையைச் சுட்டிய சொல்லே பின்னர்ப் பதவிப் பெயராயிற்று. டென்மார்க்கின் குனூத் 1016இல் இங்கிலாந்தின் அரசரானபின், அங்கும் அது பெருநிலப் பகுதியை ஆளும் தலைவரைக் குறிக்கலாயிற்று. வடிவம் ஆங்கிலத்தினது, புதிய பொருள் நார்ஸ் மொழியினது. இன்றைய 'எர்ல்' பட்டம் அதன் தொடர்ச்சியே.

இனி ஒலிக்கு வருவோம். ஆங்கில 'எர்ல்', 'ஹார்ட்', 'எர்த்' ஆகியவற்றுக்கு இணையாக நார்ஸ் மொழியில் 'யார்ல்', 'ஹியார்த்தா', 'யோர்த்' ஆகியன நிற்கின்றன. மூல எகரம் நார்ஸ் மொழியில் யகரம் சேர்ந்த ஒலியாகத் திரிந்தமைக்கு இவை சான்று. உறவை நிறுவுவது தனிச்சொல் ஒப்புமையன்று, இத்தகைய ஒழுங்கே.

சுவீடனின் யார்ஸ்பெரிக் கல் போன்ற பழைய ரூனிக் கல்வெட்டுகளில் 'எரிலாஸ்' என்னும் சொல் காணப்படுகிறது. எழுத்தைப் பொறித்தவர் தம்மையே அவ்வாறு சுட்டுகிறார். இதுவே யார்லின் மூலம் எனக் கூறத் தோன்றும். ஆனால், அடுத்த அசையில் இகரம் இருப்பின் மேற்கண்ட திரிபு நிகழாது. ஆகவே, இகரமற்ற 'எர்லாஸ்' என்னும் இணைவடிவத்தை அறிஞர் கருதுகோளாகக் கொள்கின்றனர். ஓர் உயிரொலி, எளிய முடிவொன்றைத் தடுத்துவிடுகிறது!

13ஆம் நூற்றாண்டில் இப்பட்டம் மங்கியது. நார்வேயில் 1237இல் யார்ல் ஸ்கூலே 'ஹெர்த்துக்' எனப்பட்டார். சுவீடனில், 1266இல் மறைந்த பிரியர் யார்லுக்குப்பின், ஜெர்மானிய வழிவந்த 'ஹெர்த்திக்' அவ்விடத்தைப் பெற்றது.

மாணவர்களே, சொல்லாய்வில் மூன்றைக் கேளுங்கள்: ஒலித்திரிபு ஒழுங்குடையதா? மிகப் பழைய எழுத்துச் சான்று யாது? அவ்வக்காலத்தில் அச்சொல் எவரைக் குறித்தது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, ஒப்புமையை முடிவெனக் கொள்ளாதீர்கள்.